எண்ணெய் டின்னுக்கு ஒரு வாய்க்குழாய், அதற்கு ஒரு பேட்டன்ட்: டெல்டா பட்டறைக்காரர்களுக்கான வழிகாட்டி

15 கிலோ எண்ணெய் டின்னை எப்படித் திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆணியோ உளியோ வைத்து ஒரு மூலையில் ஓட்டை, எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை. அந்த இரண்டாவது ஓட்டை இல்லாவிட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று துள்ளி வந்து பாதி அடுப்படியில் சிந்தும், ஏனென்றால் வெளியே போகும் எண்ணெயின் இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும், ஒரே வழியில் இரண்டும் மல்லுக்கட்டினால் அப்படித்தான் நடக்கும். எனக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் லேத் பட்டறை. மயிலாடுதுறையில் மெஸ் நடத்தும் என் அத்தானோடு சேர்ந்து, இந்த இரண்டு ஓட்டையை ஒன்றாக்கும் ஒரு வாய்க்குழாய் செய்து, அதற்குப் பேட்டன்டும் வாங்கினோம். நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்த வழியில் யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் காப்புரிமை என்கிறோம், ஆனால் புத்தகம், பாட்டு உரிமையையும் பலர் அதே சொல்லால் சொல்வதால் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, உங்கள் அனுமதி இல்லாமல் இந்தியாவில் யாரும் அதைச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. பதிலுக்கு நீங்கள் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும், 20 ஆண்டு முடிந்தால் அது ஊருக்குப் பொது.

எதற்குப் பேட்டன்ட் கிடைக்கும் என்பதைப் புரிந்துகொள்ள கோலி சோடாவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த பாட்டில் லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1872-இல் பேட்டன்ட் எடுத்தது. அவர் பாட்டிலையும் கண்டுபிடிக்கவில்லை, சோடாவையும் கண்டுபிடிக்கவில்லை. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலி. பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பினால் கோலி வாய்க்கு வந்து விழும், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே அதை வளையத்தோடு நெருக்கி அடைத்துக்கொள்ளும். எந்த வாயு தப்பிக்கப் பார்க்கிறதோ அதையே காவலுக்கு வைத்துவிட்டார். ஊற்றும்போது கோலி திரும்ப வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம். அவருக்கு உரிமையாக இருந்தது இந்த ஏற்பாடு மட்டும்தான். அந்த உரிமை தீர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம்.

முதல் வேலை: எது உங்களுடையது என்று எழுதுங்கள்

பொருளை எழுதாதீர்கள், அது செய்யும் வேலையை எழுதுங்கள். “புது மாதிரி எண்ணெய்க் குழாய்” என்று எழுதினால் எதுவும் இல்லை. நாங்கள் நோட்டில் எழுதியது இப்படி: குழாயின் வெட்டுமுனை தகரத்தை மூன்று பக்கம் வெட்டி ஒரு நாக்கு மாதிரி உள்ளே மடக்குகிறது, மடங்கிய தகரம் மீண்டும் எழப் பார்க்கும்போது குழாயில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து குழாயையே இறுகப் பிடித்துக்கொள்கிறது, திருகு வேண்டாம், வளையம் வேண்டாம். குழாய்க்குள் எண்ணெய்க்கு ஒரு வழி, அதைவிட மேலே திறக்கும் காற்றுக்கு ஒரு வழி. இதை எழுத எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. எழுத எழுதத்தான் காற்று வழி எங்கள் சொத்து இல்லை, நாக்குதான் எங்கள் சொத்து என்று மெல்லப் பிடிபட ஆரம்பித்தது.

நோட்டில் தேதி போடுங்கள், நல்லதுதான். ஆனால் அந்தத் தேதியை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். இங்கே முதலில் யோசித்தவரைவிட முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை.

இரண்டாவது: விண்ணப்பிக்கும் வரை யாருக்கும் காட்டாதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வேதனை. முதல் மாதிரி சரியாக வந்த அன்று அத்தான், “மாப்ளே, நாளைக்கே கடைவீதியில நாலு பேருக்குக் காட்டுவோம்டா” என்றார். நான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் என் நண்பர் ஒருவர். திருவாரூர் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஒரே ஆள் சாக்கின் வாயை விரித்து நிறுத்தி நெல் அள்ளிப் போட வசதியாக ஒரு மடக்குத் தாங்கி செய்தார், அருமையான வேலை. சந்தோஷத்தில் அதை ஒரு கண்காட்சியில் வைத்தார், யூடியூபிலும் வீடியோ போட்டார். எட்டு மாதம் கழித்து விண்ணப்பித்தார். பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பரிசோதகர் அனுப்பிய அறிக்கையில், இது ஏற்கெனவே வெளிவந்தது என்பதற்குச் சான்றாக முதல் வரியில் இருந்தது அவருடைய சொந்த வீடியோவின் சுட்டி.

அமெரிக்காவில் ஊறுகாய் ஜாடிக்குத் திருகுமூடி போட்ட ஜான் மேசனுக்கும் இதே கதைதான். 1858 நவம்பர் 30-இல் அவருக்கு முதல் பேட்டன்ட் கிடைத்தது. அப்புறம் ஜாடியில் செய்த ஒரு மேம்பாட்டுக்கு 1868-இல் விண்ணப்பித்து 1870-இல் பேட்டன்டும் வாங்கினார். ஆனால் 1859-லேயே அந்த மாதிரி இரண்டு டஜன் ஜாடியாவது செய்து சிலதை விற்றிருந்தார் என்பது வழக்கில் வெளிவந்தது. 1876-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பேட்டன்ட் செல்லாது என்று சொல்லிவிட்டது. இரண்டு டஜன் ஜாடி!

அரசு அறிவிக்கை செய்த சில கண்காட்சிகளுக்குச் சட்டத்தில் 12 மாத விலக்கு உண்டு, ஆனால் நம்மூர்க் கண்காட்சிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வராது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளே, நம்பிக்கையான ஆளிடம், வெளியில் சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். நாங்கள் மெஸ்ஸின் பின்கட்டில், கடை மூடிய பிறகு சோதித்தோம்.

மூன்றாவது: தேடுங்கள், நிறையத் தேடுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான் இதை அவசரப்படுத்தவே மாட்டேன். இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம், கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் என்று எல்லாமே இலவசம்.

வெறும் சொல்லை வைத்துத் தேடினால் கடலில் விழுந்த மாதிரி இருக்கும். உலகம் முழுக்கப் பேட்டன்ட்களை வகைப்படுத்தும் குறியீடு ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலம், டப்பா, சாக்கு, மூடி எல்லாம் ‘பி65டி’ என்ற வகை. அதற்குள் 41 என்பது மூடிகள், 47 என்பது ஊற்றும் வசதி உள்ள மூடிகள், 47/32 என்பது காற்று வழி வைத்த ஊற்றுமூடிகள். சமையல் பாத்திரமும் கருவியும் ‘ஏ47ஜே’, அரிசி ஆலைக்கான நெல் பதப்படுத்தல் ‘பி02பி’, விளைச்சலைச் சேமிக்கும் குதிர் வகையறா ‘ஏ01எஃப்’ 25. பிரிவுக்குள் போய் உங்களுடையதைப் போல இருக்கும் ஒரு ஆவணம் கிடைத்தால், அது யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நூல் பிடித்த மாதிரி போகலாம்.

ஆவணத்தைப் படிக்கும் முறை முக்கியம். முதலில் படம் பாருங்கள், உடனே கடைசிக்குப் போய் ‘கிளைம்’ என்ற பகுதியில் ஒன்றாம் எண்ணைப் படியுங்கள். நடுவில் இருக்கும் பக்கங்கள் விளக்கம்தான், உரிமை முழுக்க அந்தக் கிளைமின் வாக்கியத்தில் இருக்கிறது. பழகுவதற்கு வில்லியம் பெயின்டரின் சோடா மூடியைப் படியுங்கள், 1892 பிப்ரவரி 2-இல் கொடுத்த அமெரிக்கப் பேட்டன்ட், எண் 468226. தினமும் பல்லாலும் ஓப்பனராலும் திறக்கும் அதே மூடிதான். ஓரம் மடித்த தகரத் தட்டு, உள்ளே அடைக்கும் வட்டத் தக்கை, பாட்டில் வாயின் விளிம்பு இந்த மூன்றையும் அவர் வார்த்தையில் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார்த்தால், கடைசலில் எத்தனை நுணுக்கம் உண்டோ அத்தனையும் எழுத்திலும் உண்டு என்று தெரியும்.

தேடியதில் எங்கள் காற்று வழி எங்களுக்கு முன்பே பல பேர் செய்துவிட்டது என்று தெரிந்தது. குத்தித் துளைக்கும் குழாயும் இருந்தது. தகர நாக்கே குழாயைப் பிடிப்பது மட்டும் எங்கும் இல்லை. அன்று அத்தான் முகம் சுருங்கிப் போனது. எனக்கு நிம்மதி, எதை எழுத வேண்டும் என்பது அன்றைக்குத்தான் முடிவானது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குத் தெரியாது. பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் மட்டும் எடுத்து இந்தியாவில் எடுக்காத ஒன்றை நீங்கள் இங்கே தாராளமாகச் செய்து இங்கேயே விற்கலாம், ஆனால் அதற்கு நீங்கள் பேட்டன்ட் கேட்க முடியாது, உலகில் எங்கே வெளிவந்திருந்தாலும் அது பழசுதான். காலாவதியான பேட்டன்ட்களும் அப்படியே. புதிதாகக் கண்டுபிடிக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு பட்டறைக்காரர் இவற்றைப் படிக்க வேண்டும் என்பேன், படத்தோடு பாகத்தோடு செய்முறையை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

நான்காவது: சட்டம் இதை ஏற்குமா?

புதிதாக இருக்க வேண்டும், அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது, தொழிலில் செய்து பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் நடுவில் உள்ளதில்தான் பட்டறைக்காரர்கள் மாட்டுகிறோம்.

பாத்திரத் தொழிலுக்கே பாடமான ஒரு வழக்கு உண்டு: பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், 1978-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் இரண்டு நிறுவனங்கள். பாத்திரத்தை லேத்தில் கடையும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒருவர் 1951-இல் பேட்டன்ட் எடுத்திருந்தார். வேலை வேகமாகிறது, பாதுகாப்பாகிறது என்பதெல்லாம் சரி, ஆனால் தெரிந்த பொருள்களை வைத்து ஒரு கைதேர்ந்த தொழிலாளி பட்டறையிலேயே செய்துவிடக் கூடிய மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கும்பகோணத்தில் லேத் பிடிக்கும் எல்லோரும் இந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. எதெல்லாம் கண்டுபிடிப்பு இல்லை என்ற பட்டியல் அது. தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் பேட்டன்ட் இல்லை. விவசாய முறைக்கு இல்லை: நாற்று நடும் முறைக்குக் கிடைக்காது, நடும் இயந்திரத்துக்குக் கிடைக்கும். மரபறிவுக்கும் இல்லை: பத்தாயத்தில் விதைநெல்லோடு வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைப்பது நம் பாட்டிமார்களுடையது, அதை யாரும் தனக்கென்று எழுதிக்கொள்ள முடியாது, அப்படி இருப்பதும் நியாயம். ஆனால் அதே பூச்சித் தொல்லைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சி நீக்கும் கலத்தைப் பாருங்கள். உட்சுவர் முழுக்கச் சிறு துளைகள், காற்றைத் தேடி அலையும் பூச்சி துளை வழியே வெளியே வந்து இரண்டு சுவருக்கும் நடுவே வழுக்கி அடியில் உள்ள பொறியில் விழுந்துவிடும். பூச்சி அலையும் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த அலைச்சலையே வேலைக்கு வைத்தது ஒரு புதுக் கருவி.

உங்கள் புதுமை வேலையில் இல்லாமல் வடிவத்தில் மட்டும் இருந்தால், டபராவின் வளைவு, பாட்டிலின் உருவம் போல, பேட்டன்டை விட்டுவிட்டு 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதியுங்கள். 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. செலவு குறைவு, சீக்கிரமும் முடியும். ஆனால் அங்கேயும் முன்கூட்டிக் காட்டிவிட்டால் போச்சு.

ஐந்தாவது: எழுதுவது

படிவம் 2-இல்தான் விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பின் விளக்கம், படம், கிளைம் எல்லாம். முதலில் தற்காலிகக் குறிப்பு கொடுத்து அன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், 12 மாதத்துக்குள் முழுக் குறிப்பு கொடுத்துவிட வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று அரைகுறையாக எழுதாதீர்கள், அதில் எழுதாத ஒன்றுக்கு அந்தத் தேதி கிடைக்காது.

ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க வேண்டும், தமிழில் வாங்கமாட்டார்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், இது மாற வேண்டும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். நாங்கள் கிளைமைத் தமிழில் எழுதித்தான் சரி செய்தோம்:

“தகரக் கலத்தின் மேல்தகட்டில் பொருத்தும் வாய்க்குழாய்; அதில் தகட்டை மூன்று பக்கம் வெட்டி ஒரு நாக்கை உள்நோக்கி மடக்கும் வெட்டுமுனை இருக்கும்; வெட்டுமுனைக்கு மேலே ஒரு பள்ளம் இருக்கும்; மடங்கிய நாக்கு மீண்டெழும்போது அந்தப் பள்ளத்தில் அமர்ந்து குழாயை இறுகப் பிடிக்கும்.”

முதல் வரைவில் “15 கிலோ எண்ணெய் டின்” என்றும் “பித்தளைக் குழாய்” என்றும் எழுதியிருந்தேன். அப்படி விட்டிருந்தால் இன்னொருவர் 5 லிட்டர் டின்னுக்கு எவர்சில்வரில் செய்து விற்றாலும் என்னால் ஒன்றும் கேட்க முடியாது. கிளைமில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் வேலியை ஒரு அடி உள்ளே நகர்த்தும். அதனால் முதல் கிளைம் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலம், அடுத்தடுத்த கிளைம்களில் காற்று வழி, ரப்பர் வளையம், பித்தளை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குறுக்கிக்கொண்டு போங்கள். முதலாவது விழுந்தாலும் இரண்டாவது நிற்கும். படத்தில் பாகங்களுக்கு எண் போட்டு, அதே எண்ணை விளக்கத்திலும் சொல்ல வேண்டும். 30 பக்கம், 10 கிளைம் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் தனிநபருக்குப் பக்கத்துக்கு 160 ரூபாய், கிளைமுக்கு 320 ரூபாய்.

விண்ணப்பத்தை நமக்காக எழுதி நடத்திக் கொடுக்கும் பேட்டன்ட் ஏஜென்ட் வேண்டுமா? சட்டப்படி கட்டாயம் இல்லை, கண்டுபிடித்தவரே போடலாம். நாங்கள் தேடுவதையும் முதல் வரைவையும் நாங்களே செய்துவிட்டு, கிளைமை மட்டும் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தினோம். எனக்கு அது சரியாகப் பட்டது. ஏஜென்ட் செலவு அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு வரும், இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

ஆறாவது: தாக்கல்

தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். இணையம் வழியாகப் போட்டால் கிண்டிக்குப் போகவே வேண்டாம், டிஜிட்டல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 1 விண்ணப்பம், 2 விவரக்குறிப்பு, 3 வெளிநாட்டு விண்ணப்ப விவரம், 5 கண்டுபிடித்தவர் யார் என்ற உறுதிமொழி. தனிநபருக்கு இணையத்தில் 1,600 ரூபாய், காகிதமாகக் கொடுத்தால் 1,750. படிவம் 28 கொடுத்தால் சிறு தொழில் நிறுவனத்துக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் அதே தொகை, மற்ற நிறுவனங்களுக்கு 8,000.

உதவி கேட்க இடம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது. குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம் படிப்போ பணமோ இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்காகவே இருப்பது. உணவு, தானியம் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் நிப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பித்த பிறகு போய்ப் பேசுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள்.

ஏழாவது: தாக்கலுக்குப் பிறகு

இனிமேல் வெளியில் காட்டலாம், விற்கலாம். ஆனால் பேட்டன்ட் கிடைக்கும் முன்னால் பொருளில் பேட்டன்ட் பெற்றது என்று அச்சடிக்காதீர்கள், அபராதம் உண்டு. விண்ணப்பித்திருக்கிறோம் என்று மட்டும் போடலாம்.

18 மாதத்தில் விண்ணப்பம் பேட்டன்ட் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். அதற்கு முன்பே வெளியிட வேண்டுமென்றால் படிவம் 9, கட்டணம் 2,500 ரூபாய். தானாகப் பரிசீலிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், படிவம் 18-இல் 4,000 ரூபாய் கட்டிக் கேட்டால்தான் கோப்பு நகரும். இப்போதுள்ள விதியில் 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் படிவம் 18ஏ வழியாக 8,000 ரூபாயில் துரிதப் பரிசீலனை கேட்கலாம், நம் ஊரில் சமையலறைக் கருவி யோசிக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு பரிசோதகரின் முதல் அறிக்கை வரும். எங்களுக்கு வந்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, எல்லாவற்றையும் மறுத்த மாதிரி இருந்தது. குத்தும் குழாய் பழசு, காற்று வழி பழசு, தெரிந்தவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று 3-ஆவது பிரிவையும் காட்டியிருந்தார்கள். உண்மையில் மறுப்புகளோடு வருவது வழக்கம்தான், பயப்படாதீர்கள். ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், கேட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். நாங்கள் எழுதிய பதில் சுருக்கம்: வெட்டுவதும் பிடிப்பதும் இங்கே தனித்தனி வேலை இல்லை, எந்த அகலத்தில் வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் நாக்கு பிடிக்கிறது, வெட்டு மாறினால் பிடி போய்விடும். கூடவே காற்று வழியையும் முதல் கிளைமுக்குள் சேர்த்துக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டோம். வீடியோ வழியாக ஒரு விசாரணை நடந்தது, மாதிரியைக் கேமரா முன் ஒரு காலி டின்னில் குத்திக் காட்டினோம்.

கிடைத்த பிறகும் கட்ட வேண்டியது உண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை வருடத்துக்கு 800 ரூபாய், ஏழிலிருந்து பத்து வரை 2,400, பதினொன்றிலிருந்து பதினைந்து வரை 4,800, அப்புறம் 8,000. பேட்டன்ட் கிடைப்பதற்குள் கடந்துவிட்ட ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். நாளைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் அவகாசம், அதையும் விட்டால் பேட்டன்ட் காலாவதி, 18 மாதத்துக்குள் மீட்புக்கு மனு போடலாம். இணையத்தில் நான்கு ஆண்டுக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. நாங்கள் அப்படித்தான் கட்டினோம், அடுத்த தேதியைப் பட்டறைச் சுவரில் லேத்துக்கு நேர் மேலே பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.